லிந்தல்வா கட்டிய ஐந்து அறைகள்

ஆற்றங்கரை ஊரான எங்கள் பெலேமில் அக்டோபர் மாதா பவனியன்று வாத்து வேகாத வீட்டைத் துக்க வீடு என்றுதான் நினைப்பார்கள். பக்கத்து வீட்டு லிந்தல்வா அக்கா ஐந்து வருஷம் அந்த நாளில் கோழிதான் சமைத்தாள். வாத்துக்குப் பஞ்சமில்லை. இருந்ததெல்லாம் எடிவாலுக்கு.

எடிவால் அவளுடைய ஒரே பிள்ளை. மனாவுஸில் டிவி செய்யும் தொழிற்சாலையில் வேலை. படகில் வர ஐந்து நாள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் "இந்தத் தடவை கண்டிப்பா வர்றேம்மா" என்று கடிதம் வரும். உடனே அக்கா வாத்து முட்டைகளை அடைவைப்பாள். கோழியென்றால் இருபத்தொரு நாள்; எங்கள் ஊர் வாத்து முப்பத்தைந்து நாள் அசையாமல் உட்காரும். குஞ்சுகளில் கொழுத்த ஆணாகப் பார்த்து, மாதாவிடம் மகன் பெயரைச் சொல்லி நேர்ந்துவிடுவாள்; மற்றதை விற்றுவிடுவாள். நேர்ந்துவிட்டதை வேறு யாருக்கும் சமைக்கக் கூடாது. அவன் வரமாட்டான். வாத்து பிழைத்துக்கொள்ளும்.

முகம் சிவந்து வளர்ந்துவிட்ட ஆண் வாத்து இன்னொரு ஆணோடு ஒரே கூட்டில் அடங்காது. கத்தாது, சீறும், நகத்தால் கிழித்துவிடும். அதனால் நவம்பர்தோறும் அக்கா சுத்தியலை எடுப்பாள். ஆற்றுத்தண்ணீர் ஏறாத உயரத்தில் பலகை, இரவில் ஏறி உட்காரக் குறுக்குக்கட்டை, தனிக் கதவு. பிழைப்பு தையல் என்பதால் கதவுக்கும் தையல் நாடாவால்தான் அளவெடுப்பாள். ஐந்தாவது அறை என் வேலியில் வந்து முட்டியது.

"என்னக்கா, வாடகைக்கு விடப்போறியா?"

"உனக்கு வேணும்னா சொல்லுடி. அட்வான்ஸ் வேணாம்."

"நாத்தம் என் அடுப்படி வரைக்கும் வருது!"

"அப்ப ஜன்னல சாத்து."

அந்த நாற்றத்தை எத்தனை நாள் திட்டியிருப்பேன்! இப்போது அங்கே சிமென்ட் தரை. அக்காவும் இல்லை. சாயங்காலம் பின்பக்கம் வந்தால் காது இன்னும் அந்தச் சீறலைத் தேடுகிறது. அவள் இல்லாதது எனக்குப் பெரிய குறைதான்.

அக்கா இருந்தபோதே, ஆறாவது வருஷம், பவனிக்கு முதல் நாள், எடிவால் வந்தே விட்டான். அக்கா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்த வருஷத்து வாத்தைப் பிடித்து, கறி மெத்தென்று இருக்க வழக்கப்படி ஒரு வாய் கரும்புச் சாராயம் புகட்டினாள். அது திமிறியதில் பாதி அவள் பாவாடையில் கொட்டியது. மறுநாள் மரவள்ளிச் சாற்றில் வெந்த வாத்தையும் நாக்கு மரத்துப்போகும் கீரையையும் எடிவால் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

கை கழுவப் பின்பக்கம் போனவன் கூட்டைப் பார்த்துச் சிரித்தான்.

"அஞ்சு ஆம்பள வாத்துக்கு அஞ்சு வீடா? கெழடு தட்டினத வித்துத் தொலைக்கலாம்லம்மா?"

அக்கா அவன் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"உனக்குன்னு நேந்துவிட்டதுடா எல்லாம். வர்றேன்னு எழுதிட்டு வராமப் போனியே, வருஷத்துக்கு ஒண்ணு. நல்லா பாத்துக்க."

அவன் சிரிப்பு அடங்கிவிட்டது. ஐந்து கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். கடைசிக் கதவிலிருந்து திரும்பி, "அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேம்மா" என்றான்.

அக்கா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"கடுதாசி போடாதடா. வந்துரு. ஆறாவது அறை கட்ட எனக்கு எடமும் இல்ல, தெம்பும் இல்ல."