திறப்பைத் திருப்பினால் அழுகிற கார்

குவைத்தில் நான் ஓட்டும் காரில் திறப்பைத் திருப்பியதும் எஞ்சினுக்கு முதலே பாட்டுப்பெட்டிக்கு உயிர் வருகிறது. எஞ்சின் சத்தம் போடாது. ஓடுகிறதா நிற்கிறதா என்று முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டுப்பெட்டி அப்படி இல்லை. முதல்நாள் எவ்வளவு சத்தத்தில் விட்டார்களோ, அந்தச் சத்தத்திலேயே தொடங்கும். வந்த புதிதில் ஒவ்வொரு காலையும் திடுக்கிட்டேன். பிறகு பழகிவிட்டது. ஏழு வருடத்தில் எல்லாம் பழகும். சாரதிக்கென்று பாட்டுக் கிடையாது என்பதும் பழகிவிட்டது. பாபா ஏறினால் செய்தி. மடம் ஏறினால் அவருடைய போனில் இருந்து வரும் பாட்டு. அவர்களின் மகள் நூரா ஏறினால் பிள்ளைப் பாட்டு. வீட்டுக்காரரைப் பாபா என்றும் வீட்டுக்காரியை மடம் என்றும் சொல்வது இங்கே வேலைக்கு வந்தவர்களின் வழக்கம். என் பெயரை அவர்கள் சொல்வதில்லை. சாயிக் என்பார்கள். சாரதி என்று அர்த்தம்.

நான் இலங்கையில் மன்னார்ப் பக்கத்து விடத்தல்தீவு. ஏழாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். எங்கள் ஊரில் கார்ப் பாட்டுப்பெட்டிக்குக் கார் தேவையில்லை. மன்னாரில் உடைந்த வான் ஒன்றில் இருந்து கழற்றிய பெட்டியை அண்ணன் வாங்கி வந்தார். வீட்டில் மின்சாரம் இல்லாத காலம். சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் பற்றறியில் கொளுவினார். ஸ்பீக்கரை ஒரு பானையின் வாயில் வைத்துக் கட்டினார். பானை முழங்கியது. கசெட் மாதிரி ஒரு சாமான் அப்போது கொழும்பு நடைபாதையில் விற்றது. உள்ளே நாடா இருக்காது, வால் மாதிரி ஒரு வயர் மட்டும் வரும். அதைப் பெட்டியில் செருகி, வயரின் நுனியைச் சின்ன எம்பி3 பிளேயரில் குத்தினால், பிளேயரில் உள்ள பாட்டுப் பானைக்குள் இருந்து வரும். சார்ஜ் ஏற்றுவதற்கு வேறு வயர். அது நேரே பற்றறிக்குப் போகும். பற்றறி இறங்கினால் அண்ணன் அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு சார்ஜ் கடைக்கு மிதிப்பார். ஒருநாள் சிவப்பையும் கறுப்பையும் மாறிக் கொளுவி நான் பெட்டியை எரித்துவிட்டேன். அண்ணன் அறைந்தார். இரண்டு நாள் காது கேட்கவில்லை. நல்ல மனிதர் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நல்ல மனிதர்தான். கை மட்டும் பாரம்.

அந்த அண்ணன்தான் தன் வள்ளத்தையும் எஞ்சினையும் விற்று என்னை இங்கே அனுப்பினார். நான் ஒருமுறையும் திரும்பிப் போகவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றேன். வள்ளம் போன பிறகு அவர் மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்கு அட்டை பிடிக்கப் போனார். கடலட்டை பிடிக்க முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அடிக்கு இறங்க வேண்டும். அவர் வலை போட்ட மனிதர். சுழியோடிப் பழக்கமில்லை. அடியில் இருந்து மெதுமெதுவாகத்தான் மேலே வரவேண்டும். ஒருநாள் அவர் வேகமாக வந்துவிட்டார். வள்ளத்தில் ஏற்றும்போதே கால் விளங்கவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. நான் பாபாவிடம் லீவு கேட்டேன். தாயா தகப்பனா என்று கேட்டார். சகோதரன் என்றேன். தாடியைத் தடவினார். நூராவுக்குப் பரீட்சை, அது முடியட்டும் என்றார். தாய் தகப்பன் என்றால் விட்டிருப்பார். அநியாயக்காரர் இல்லை. அன்று பின்னேரம் எனக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் தந்தார். நான் அதைச் சாப்பிட்டேன்.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டை வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக வீடியோவில் பிடித்து வைப்பது இப்போது வழக்கம். படம் எடுக்கிறவர் சவப்பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். அழுகிறவர்களுக்கும் அது தெரியும். வராதவனின் முறை சொல்லி, வராதவனைக் கேட்டு அழுவார்கள். கேட்டது அவனுக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்துதான் அழுவார்கள். அண்ணனுக்குப் படம் எடுக்க ஆள் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு மரியதாஸ் தன் போனைச் சட்டைப்பையில் வைத்துச் சத்தத்தை மட்டும் பிடித்தான். இரண்டு மாதம் கழித்து அவனும் குவைத்துக்கு வேலைக்கு வந்தான். என்னைத் தேடி வந்து பெருவிரல் அளவு பிளேயர் ஒன்றைக் கையில் வைத்தான்.

“அண்ணை, இந்தாங்கோ. மச்சாளின்ர அழுகை முழுக்க இருக்கு.” மச்சாள் என்றது அண்ணனின் மனைவியை.

“நீ கேட்டனியே?”

“நான் பக்கத்திலை நிண்டனான். ரெண்டாந்தரம் கேக்க என்னாலை ஏலாது.” பிறகு சிரித்தான். “உங்களுக்குத்தான் நல்லாக் குடுத்திருக்கிறா.”

“உன்ர போனிலையும் இருக்கே?”

“அதைப் பிளேன் ஏற முதலே வித்துப்போட்டன். உதிலை பழைய பாட்டும் ஏத்தி விட்டிருக்கிறன். அழுது முடிச்சிட்டுக் கேளுங்கோ.”

மூன்று கிழமை நான் அதைத் தொடவில்லை. என் அறையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் காரைக் கழுவக் கொண்டுபோவேன். அப்போது கடற்கரையில் நிறுத்தித் தனியே கேட்கலாம் என்று இருந்தேன். அதற்குள் பிளேயரில் சார்ஜ் போய்விட்டது. சுவரில் கொளுவும் தலை இல்லை, வயர் மட்டும் இருந்தது. வியாழக்கிழமை காலை, மறுநாளைக்குச் சார்ஜ் இருக்கட்டும் என்று காரில் கொளுவினேன். நான் செய்த பிழை அதுதான். ஊரில் சார்ஜ் வயர் வேறு, பாட்டு வயர் வேறு. இங்கே இரண்டும் ஒரே வயர். கொளுவினால் கார் அந்தப் பிளேயரைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். பிறகு பிளேயரின் பொத்தான் வேலை செய்யாது. கார் தன் ஒழுங்கில் பாடும். இலக்கத்தில் தொடங்கும் பெயர் முதல், எழுத்து பிறகு. பாட்டுகளுக்கெல்லாம் பெயர் இருந்தது. போன் பிடித்த சத்தத்துக்குப் பெயர் இல்லை, வெறும் இலக்கம். அதனால் எல்லாப் பாட்டுக்கும் முன்னால் அண்ணனின் செத்தவீடு நின்றது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

மடமும் நூராவும் பின்னால் ஏறினார்கள். நூராவுக்கு ஏழு வயது. திறப்பைத் திருப்பினேன். முதலில் கதிரை இழுபடும் சத்தம். “பெட்டியை மூட முதல் ஒருக்காப் பாக்க விடுங்கோவன்” என்று யாரோ சொன்னார்கள். பிறகு மச்சாள். முதல்நாள் பாபா செய்திக்கு வைத்த சத்தத்தில், நான்கு கதவில் இருந்தும் மச்சாள் வந்தார்.

“வள்ளத்தை வித்தெல்லோ வானத்திலை ஏத்திவிட்டீர்
ஏறினவன் இறங்கேல்லை, ஏத்திவிட்டு நீர் போறீரே
தம்பி, உமக்குக் குளிர்காத்து, என்ர ராசாவுக்குச் சிலிண்டர்காத்தோ...”

காரில் குளிர்காற்று என் முகத்துக்கு நேரே அடித்துக்கொண்டிருந்தது. நிறுத்தக் கை போகவில்லை. மடம் முன்னால் குனிந்து, “ஷினு ஹாதா?” என்றார். என்ன இது என்று அர்த்தம். நான் பதில் சொல்ல முதல் அவரே, “உக்னியா?” என்றார். பாட்டா?

“ஐவா” என்றேன். “உக்னியா.” ஓம், பாட்டு.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். செத்தவீடு என்றால் யார், எப்போது என்று கேட்பார்கள். லீவு கேட்டதும் மறுத்ததும் எழும்பும். அவர்கள் காரில் கேட்காமல் என் சாமானைக் கொளுவியதும் எழும்பும். பாட்டு என்றால் ஒரு சொல்லோடு முடிந்துவிடும். முடியவில்லை. மச்சாள் மூச்சு வாங்கிய இடத்தில் நூரா கைதட்டினாள். மடம் சிரித்தார். உங்கள் பக்கத்துப் படங்களிலும் இப்படித்தான் பெரிதாக அழுகிறார்கள் என்றார். நூரா திரும்பப் போடு என்றாள். திரும்பப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அது இல்லாமல் அவள் பெல்ட் போடமாட்டாள். ஒரு மாதம் ஓடியது. இரண்டாவது வரி அவளுக்குப் பாடமாகிவிட்டது. என் தலைக்குப் பின்னால் இருந்து, “ஏறினவா இரங்கேலா” என்று மச்சாளின் இழுவையோடு இழுப்பாள். மச்சாளைப் போல மார்பிலும் அடிப்பாள். சத்தத்தில் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள், கெட்டிக்காரி. வெள்ளிக்கிழமை கடற்கரையில் நிறுத்தி நான் தனியே கேட்டுப் பார்த்தேன். அழுகை வரவில்லை. வரவேண்டிய இடத்தில் நூரா கைதட்டுவது கேட்டது. நிறுத்திவிட்டுக் காரைக் கழுவினேன்.

வீட்டில் சமையலுக்கு நிற்கிற நிஸா எங்கள் மன்னாரில் முசலிப் பக்கத்துப் பிள்ளை. அந்த வீட்டில் தமிழ் தெரிந்தவர்கள் அவளும் நானும்தான். ஒருநாள் குப்பை போட வந்தவள் என்னை மறித்தாள்.

“அண்ணன், இந்தச் சின்னது என்னத்தைப் பாடித் திரியுது? மையத்து வீட்டு அழுகையெல்லோ அது?”

“ஓம்.”

“ஆருட மையத்து?”

“என்ர அண்ணற்றை.”

“அல்லாஹ்! பாட்டெண்டு சொன்ன விசரன் ஆரு?”

“நான்தான்.”

அவள் குப்பைப் பையைக் கீழே வைத்தாள். “சொல்லிப்போடுங்க அண்ணன். அதுகளும் மனிசர்தானே.”

“வேண்டாம் தங்கச்சி. விடும்.”

அவள் விடவில்லை. பாவம் என்று நினைத்துத்தான் மடத்திடம் சொன்னாள். மடம் காரடிக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. எங்களுக்குத் தெரியாது, மன்னித்துக்கொள் என்றார். பிறகு கையை நீட்டிப் பிளேயரைக் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. கழற்றிக் கொடுத்தேன்.

பின்னேரம் பாபா அதைத் திருப்பித் தந்தார். செத்தவர்களுக்கு ஓலமிட்டு அழுவது அவர்களின் மார்க்கத்தில் கூடாது, போனவருக்கு அது வேதனை, பிள்ளையின் வாயில் வேறு வந்துவிட்டது என்று மெதுவாக விளங்கப்படுத்தினார். “கலாஸ்” என்றார். முடிந்தது. அழித்துவிட்டார். மரியதாஸ் ஏற்றிய பாட்டும் போய்விட்டது. அந்த இடத்தில் நூராவின் பிள்ளைப் பாட்டுகளை நிரப்பியிருந்தார். இனிக் காரில் கொளுவத் தேவையில்லை என்று சுவரில் கொளுவும் சார்ஜர் தலை ஒன்றும் புதிதாக வாங்கி வைத்திருந்தார். என் தோளில் தட்டினார். நான் “ஷுக்ரன்” என்றேன். நன்றி என்று அர்த்தம். அந்தச் சொல்லைத்தான் இந்த நாட்டில் நான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

மச்சாளுக்குப் போன் எடுத்தேன். செத்தவீட்டுக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்தது இரண்டு தரம்தான்.

“மச்சாள், மரியதாஸ் பிடிச்சது அழிஞ்சுபோச்சு.”

“கேட்டனீரோ?”

“ஓம். ஒவ்வொரு நாளும்.”

“பிறகென்ன?”

“வேறை ஆரும் பிடிச்சு வச்சிருக்கினமோ எண்டு...”

கோழி கொக்கரிக்கும் சத்தம் கேட்டது. யாரையோ அதட்டினார். பிறகு, “தம்பி, நான் ஒருக்கா அழுதது காணும். திரும்ப அழுது அனுப்பட்டோ? வேணுமெண்டா நீர் வந்து அழும். புதைச்ச இடத்தைக் காட்டி விடுறன்” என்றார்.

வாறன் என்று சொல்ல வாய் எடுத்தேன். போன் வெட்டுப்பட்டது.

நூராவைப் பாடக்கூடாது என்று மடம் மிரட்டி வைத்திருக்கிறார். அதனால் தாய் இல்லாத நாளில் மட்டும் பாடுகிறாள். பாடசாலை விட்டு வரும் வழியில், நானும் அவளும் மட்டும். களவு என்பதால் அவளுக்கு முன்பைவிடச் சந்தோசம். கிழமைக்குக் கிழமை சொற்கள் கரைகின்றன. குளிர்காற்று போய்விட்டது. வள்ளம் போய்விட்டது. அந்த ஒரு வரிதான் நிற்கிறது, அதுவும் அரைவாசி அரபு மாதிரி. போன கிழமை கடைசிச் சொல்லில் தடுமாறினாள். “போறீரே” என்று நான் எடுத்துக் கொடுத்தேன். “போறீரே” என்றாள். என் வாயால் அந்தச் சொல்லை அண்ணனுக்கு நான் சொன்னது அதுதான் முதல் தரம்.

வீட்டு மதில் கண்ணில் பட்டதும் நிறுத்திவிடுவாள். அதனால் கடைசிச் சந்தியில் பச்சை எரிந்தாலும் நான் மெதுவாகத்தான் போகிறேன். நேற்றுச் சிவப்பு விழுந்தது. வரியை முடித்துவிட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அரபில், ஒருவன் பிளேன் ஏறினான் என்றேன்.

“எங்கே இறங்கினான்?”

பச்சை எரிந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். கண்ணாடியில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கியரில் கை இருந்தது. கார் நகரவில்லை.