ராணிக்கு வலித்தது எந்தக் கால்?

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டருக்குக் குதிரை என்பது, பரீட்சைக்குப் படித்து பரீட்சையோடு மறந்துவிட்ட ஒரு பிராணி. தொண்ணூறுகளில் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் என்னைப் போல் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள்.

தலை தொங்கிய கால்

ரயிலடியில் ஜட்கா வண்டி ஓட்டிய கபூர் பாய், நொண்டிய குதிரை ராணியோடு ஒரு காலை வந்தார். கோட்டக்குப்பத்து மச்சான் சவுதியில் இருந்துகொண்டு இவருக்கும் விசா எடுத்து வைத்திருந்தார். ஆறு வாரத்துக்குள் ராணி வண்டி இழுக்காவிட்டால், அவளை விற்றுவிட்டு இவர் விமானம் ஏற வேண்டும். பாய்க்குப் பாண்டிச்சேரியே வெளிநாடு.

"இடது முன்னங்காலு சார். அத ஊனும்போதுதான் தலை தொங்குது" என்றார். நானும் அந்தக் காலுக்கே மருந்து தடவிக் கட்டுப் போட்டேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் தூசி தட்டினால், குதிரை வலிக்கிற காலை ஊன்றும்போது தலையைத் தூக்குமாம். நல்ல காலில்தான் தாழ்த்துமாம். மறுநாள் தொட்டுப் பார்த்தேன். வலது முன்னங்காலின் பின்பக்கம் வீங்கிச் சுட்டது. பாய் அதை நரம்பு என்பார், புத்தகம் தசைநாண் என்னும். சத்தமில்லாமல் கட்டை வலது காலுக்கு மாற்றினேன்.

பாய் நெகிழ்ந்து போனார். "அந்தக் காலு ஒரே நாள்ல சரியாயிடுச்சா சார்? கைராசிதான்."

நான் மறுக்கவில்லை.

ஏரியில் இருவர்

வண்டி பூட்டக் கூடாது, காலையும் மாலையும் இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நாலாம் நாள் ஏரிக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீரில் ராணி, பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய். அவர் இறங்காவிட்டால் அவள் இறங்க மாட்டாளாம். உதடு நடுங்கியது அவருக்கு.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க பாய்?"

"கடியாரம் இல்ல சார். பாசஞ்சர் கூவுனா ஏறிடலாம்னு நின்னுக்கினு இருக்கோம். இன்னிக்குப் பார்த்து அது லேட்டு."

கறுப்புக் கயிறு

நாலாம் வாரம் வீக்கம் வடிந்தது. ஐந்தாம் வாரம் குளம்புக்கு மேலே திரும்ப வீங்கியது. நான் மருந்தை மாற்றினேன், கட்டை இறுக்கினேன். வீக்கம் கூடியது. மச்சான் டிக்கெட் போடத் தேதி கேட்டார்.

கட்டைப் பிரித்து முடியை விலக்கியபோது, அரை வாரமாக நான் கவனிக்காமலே மேலே கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு கறுப்புக் கயிறு சதையில் புதைந்திருந்தது.

"இது எப்போ கட்டினது?"

"தேறிக்கினு வந்திச்சா, ஊரே கண்ணு வெச்சிச்சு சார். வீட்ல கட்டுனாங்க."

பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும்; தினம் இருமுறை ஏரியில் நனைக்கச் சொன்ன டாக்டருக்குத் தோன்றவில்லை. அறுக்கப் போனேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கயிறு போனா கண்ணு பட்டுடும் சார்."

"வண்டியில கட்டுங்க பாய். கண்ணு வைக்கிறவன் முதல்ல வண்டியைத்தான் பார்ப்பான்."

யோசித்து, கையை விட்டார்.

மூன்றே நாளில் வீக்கம் வடிந்தது. ஆறாம் வாரக் கடைசியில் ராணி தலையை ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் ஓடிக் காட்டினாள். நான் மூச்சு விட்டேன். பாய்தான் சற்று நொண்டினார்.

"மச்சானுக்குப் போன் போட்டுட்டேன் சார். குதிரைக்குக் காலு சரியாயிடுச்சு, எனக்குத்தான் ஏரில நின்னு நின்னு முட்டி புட்ச்சிக்கிச்சு, சவுதிக்கு வர்றதுக்கில்லன்னு."

என் சர்வீஸில் நான் குணமாக்கிய ஒரே குதிரை ராணிதான். அதில் என் வைத்தியம் என்பது, நான் போட்ட ஒரு கட்டை இடம் மாற்றியதும், நான் கவனிக்காத ஒரு கயிற்றை அறுத்ததும் மட்டுமே.