அந்த ஆமிக்காரன் பொனற்றுக்குள் பார்த்தது

பேய், பிசாசு, சாமி வந்து காப்பாற்றியது என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் மோட்டார் திருத்தியவன். கரண்ட் வந்தால் ஓடும், வராவிட்டால் ஓடாது, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆகவே நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது.

சண்டை நடந்த வருடங்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் கீழ்வீட்டில் நானும் மனைவி மலரும், மேல்வீட்டில் சுகந்தி என்றொரு பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சுவிஸில் இருக்கும் புருஷனிடம் போக விசாவுக்குக் காத்திருந்தவள், நிறைமாதம். முதல் பிள்ளையை அவள் இடம்பெயர்ந்த வழியில் பறிகொடுத்தவள். வலி வந்தபோது ஏற்றிப்போக ஒரு வாகனமும் கிடைக்கவில்லையாம். அதை ஒரே ஒரு தடவைதான் மலரிடம் சொன்னாள். அதற்குப் பிறகுதான், முற்றத்தில் சும்மா நின்ற என் பழைய காருக்குப் புதுப் பற்றரி வாங்கியே ஆகவேண்டும் என்று மலர் என்னைப் பிடுங்கத் தொடங்கினாள்.

அன்று மத்தியானம் பழைய பற்றரியைக் கழற்றி, வயர் நுனி இரண்டிலும் துணி சுற்றிக் கட்டிவிட்டு, அதை ஓட்டோவில் வைத்துக் கிருலப்பனையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். தமிழன் பற்றரியோடு போவது அந்த நாளில் சின்ன விஷயமில்லை, குண்டுக்கா என்று கேட்பார்கள். கடைக்காரர் சிங்களவர், நல்ல மனிதர், அடையாள அட்டை நம்பரைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். நான் பெரிய பற்றரி ஒன்றைக் காட்டினேன்.

"அது வேணாம் மாத்தயா," என்றார் தமிழில். "உங்க காருக்கு பிளஸ் இந்தப் பக்கம் வரணும். அதைப் போட்டா வயர் எட்டாது."

சரியாகத்தான் சொன்னார். அளவான ஒன்றை எடுத்து, தயாரித்த மாதத்தைக் காட்டி, அசிட் ஊற்றினார். "இப்பவே கொண்டு போகாதீங்க. ராத்திரி முழுக்க சார்ஜ் ஆகட்டும். காலையில வாங்க." பழையதை அவரிடமே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

அதற்குள் நகரத்தில் எங்கேயோ குண்டு வெடித்துவிட்டது. வீதிகளை மூடிவிட்டார்கள், கடைகள் சாத்துகிறார்கள். நடந்துதான் வீட்டுக்கு வந்தேன், வந்துசேர இருட்டிவிட்டது. வந்து தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை, மேலேயிருந்து மலர் கூப்பிட்டாள். சுகந்திக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. போன் எடுபடவில்லை, ஓட்டோக்காரர் ஒருவரும் நிற்கவில்லை. சுகந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே படியிறங்கி வந்து காரின் பின்சீற்றில் ஏறிவிட்டாள், பின்னால் மலரும் ஏறினாள்.

"அண்ணை, எடுங்கோ," என்றாள். "இந்த முறையும் என்னை றோட்டில விட்டிடாதேங்கோ."

நான் ஏறித் திறப்பைத் திருப்பினேன், கார் ஸ்டார்ட் ஆகியது. சத்தியமாக ஒரு நினைப்பும் எனக்கு வரவில்லை. மத்தியானம் நடந்தது எல்லாம் தலையிலிருந்து துடைத்துவிட்டதுபோல. லைட்டும் போட்டேன், எரிந்தது. காலி வீதியில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும் ஆமிச் சோதனை. ஹொஸ்பிட்டல் என்றேன். ஓர் இளம் ஆமிக்காரன் சுகந்தியின் முகத்தைப் பார்த்தான், பிறகு பொனற்றைத் திறக்கச் சொன்னான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் டோர்ச் அடித்துப் பார்த்தான். குனிந்தபடி நெடுநேரம் நின்றான். வழக்கமாக அவர்கள் படாரென்று போட்டு மூடுவார்கள், இவன் இரண்டு கையாலும் மெல்ல இறக்கி வைத்தான். பிறகு போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

ஹொஸ்பிட்டலுக்குப் போய் அரை மணித்தியாலத்தில் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். வாசலில் நிற்கும் காரை எடுங்கள் என்று காவலாளி சொல்ல, போய்த் திறப்பைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. இறங்கிப் பொனற்றைத் திறந்தேன். பற்றரி இருக்கும் தட்டு வெறுமை. வயர் இரண்டும் நான் துணி சுற்றிக் கட்டியபடியே கிடந்தன. முடிச்சுக்கூட அவிழவில்லை. அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. ஹொஸ்பிட்டல் படியிலேயே இருந்துவிட்டேன்.

மலரிடம் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. "கழட்டினதை நீங்கள் மறந்துபோனியள். காரும் மறந்துபோச்சுதாக்கும்," என்றாள்.

நான் அப்படி விடுகிற ஆளில்லை. டைனமோவில் ஓடியிருக்குமோ, ஒழுங்கை சரிவாக இருந்ததோ என்றெல்லாம் யோசித்தேன். ஒழுங்கை தட்டைத் தரை, காரை ஒருவரும் தள்ளவில்லை. முதல் பொறிக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது?

விடிந்ததும் கிருலப்பனைக்குப் போய்ப் புதுப் பற்றரியை எடுத்து வந்து ஹொஸ்பிட்டல் வாசலில் வைத்தே பூட்டினேன். முதலில் பிளஸ், பிறகு மைனஸ். தொட்டவுடன் ஸ்டார்ட். திரும்பி வரும்போது அதே சோதனை, அதே ஆமிக்காரன். மறித்தான்.

"பிள்ளை பிறந்ததா?" என்று சிங்களத்தில் கேட்டான். பெண்பிள்ளை என்றேன். தலையாட்டிவிட்டுப் பொனற்றைத் திறக்கச் சொன்னான். புதுப் பற்றரியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் பில்லை நீட்டினேன், அவன் வாங்கவில்லை.

"நேற்று இதில் இருந்தது இதில்லையே," என்றான் தணிந்த குரலில். "அது எங்கே?"

என்ன இருந்தது என்ற கேள்வி வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த நாட்களில் ஒரு தமிழன் பற்றரியைப் பற்றி ஆமிக்காரனிடம் எதிர்க்கேள்வி கேட்கமாட்டான். "வீட்டில் இருக்கிறது," என்றேன்.

அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அய்யா," என்று சொல்லி, முதல்நாள்போலவே மெல்ல மூடிவிட்டான்.

இப்போது அந்தக் காரும் இல்லை. ஆனால் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே கால் வைக்கும்போது ஒரு கணம் நின்றுதான் போகிறேன். என் வீட்டில் எது இருக்கிறதென்று அன்று அவனுக்குச் சொன்னேன் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.