புது கியர் பெட்டியும் இரண்டு குதிரைகளும்

காலை 7.10, திண்டுக்கல். சிறுமலைக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்டுவிட்டேன். அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். டீக்கடைக்காரர் கைகாட்டிய ஒரு சின்ன லாரியில் தொற்றிக்கொள்ளலாம் என்று நத்தம் சாலையோரத்துப் பட்டறைக்கு வந்தேன். லாரியின் மேலே இரண்டு குதிரைகள் நின்றுகொண்டிருந்தன. லாரியின் கீழே, ஆள் இறங்கி வேலை பார்க்கும் பள்ளத்துக்குள் ஒருவர் நின்றபடி அதன் கியர் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒருசேரப் பார்த்ததும் நான் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். கும்பகோணத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். ஆனாலும் சிறுமலையில் இன்றைக்கும் தோட்டத்து வாழைத்தாரையும் எலுமிச்சை மூட்டையையும் குதிரைகள்தாம் சுமந்து வருகின்றன என்று கேள்விப்பட்டதிலிருந்து, அவற்றைப் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் அரிப்பு. இங்கே குதிரைகளே லாரியில் நின்றன. நூறு ரூபாய் பேசி, முன் இருக்கைக்கு இடம் பிடித்தேன்.

லாரி சேகருடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும், குரலை உயர்த்தாத மனிதர். பழைய கியர் பெட்டியில் நான்கு கியர். அதில் இரண்டாவது கியர், மலை இறக்கத்தில் தானாகக் கழன்றுகொள்ள ஆரம்பித்திருந்தது. போன வாரம் அப்படிக் கழன்றபோது வண்டி குலுங்கிய குலுங்கலில் ஒரு குதிரை பலகையில் மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டதாம். அதனால் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில் ஐந்து கியர் பெட்டி ஒன்றை வாங்கியிருந்தார். முந்தின நாளே மாட்டியிருக்க வேண்டியது, பட்டறையில் வேலை தள்ளிப்போய், இன்று குதிரைகளை ஏற்றியபிறகுதான் முறை வந்தது.

"குதிரைகளை இறக்கிவிட்டுச் செய்யக் கூடாதா?" என்று கேட்டேன்.

"இறக்கலாம் சார். ஏத்துறதுக்கு மேடு வேணும்ல? மாட்டாஸ்பத்திரியில மண்மேடு இருந்துச்சு, அது வழியா நடந்து ஏறிருச்சுக. இங்கன எங்க போறது?" என்றார் சேகர்.

குதிரைகளின் சொந்தக்காரி ஆரோக்கியமேரி. ஐம்பதை ஒட்டிய வயது, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. சிறுமலையில் ஒரு சிற்றூரில் சொந்தத் தோட்டம் இல்லாமல், இந்த இரண்டு குதிரைகளை வைத்து மற்றவர்களின் தாரைச் சுமந்து பிழைப்பவர். செவலைக் குதிரைக்குக் குளம்பில் சீழ் பிடித்து, திண்டுக்கல் கால்நடை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். மலைப்பாதையில் நடத்திக் கூட்டிப்போக முடியாது. துணையில்லாமல் செவலை வண்டி ஏறாது என்பதால் இன்னொரு குதிரை கறுப்பியும் கூடவே வந்திருந்தது.

"செவலை சினையா இருக்கு தம்பி. பத்து மாசம் முடிஞ்சிருச்சு, இன்னும் ஒரு மாசந்தான்" என்றார் மேரியக்கா. "போன ஈத்துல குட்டி தங்கல. இதுவாச்சும் தங்கணும். கறுப்பிக்கு வயசாயிருச்சு, இன்னும் ரெண்டு வருசம் இழுத்தா பெருசு. இந்தக் குட்டி வந்தாத்தான் எனக்கு அடுத்து ஓடும்."

9.30. மெக்கானிக் பால்ராஜ் பள்ளத்துக்குள் நின்று பழைய பெட்டியை இறக்கினார். மேலே செவலை காலை மாற்றி வைத்தால் பலகை அதிரும். அவர் அப்படியே உறைந்து நிற்பார். ஒருமுறை கறுப்பி தாராளமாகச் சிறுநீர் கழித்துவிட்டது. பலகை இடுக்கு வழியாக அத்தனையும் பால்ராஜின் தலையில்.

"யக்கா! கியர் மாட்டச் சொன்னீகளா, குளிப்பாட்டச் சொன்னீகளா?" என்று கீழிருந்து சத்தம் வந்தது. எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே சக்கரங்களுக்குக் கொடுத்திருந்த கட்டைகளை மூன்றாவது தடவையாக எண்ணிப் பார்த்தேன். நான்கு இருந்தன.

11.40. வேலை முடிந்தது. பால்ராஜ் மேலே ஏறி வந்து, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் சாக்பீஸால் ஒரு படம் வரைந்தார்.

"நல்லாப் பாத்துக்கப்பு. பழசுல ஒண்ணாங் கியரு எங்க இருந்துச்சு? இடது பக்கம் மேல. இதுல அந்த எடத்துல ரிவர்ஸு இருக்கு. ஒண்ணாங் கியரு அதுக்கு நேர் கீழ. கை பழக்கத்துல மேல தள்ளிறாத. தள்ள விடாம ஒரு ஸ்பிரிங் இருக்கும், இதுல அது தேஞ்சு போச்சு. திங்கக்கிழமை வாங்கிப் போட்டுத் தாரேன்."

"இருவது வருசமா ஓட்டுறேன், இது தெரியாதா" என்றார் சேகர்.

எனக்குப் பயமே அந்த இருபது வருசப் பழக்கத்தின் மேல்தான்.

கிளம்புமுன் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இருக்கும் பலகையைத் தட்டுவது. மலைக்குக் குதிரை ஏற்றிப்போகும்போது இவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கியர் மாற்றுமுன் ஒரு தட்டு, பிரேக் பிடிக்குமுன் இரண்டு தட்டு. ஒன்று கேட்டால் குதிரைகள் கழுத்தைத் தாழ்த்திக்கொள்ளும். இரண்டு கேட்டால் நான்கு காலையும் அகட்டி ஊன்றிக்கொள்ளும். கூட நிற்கும் ஆளும் பிடித்துக்கொள்வார். வழக்கமாகச் சேகரே முழங்கையால் தட்டிவிட்டுக் கியர் போடுவாராம்.

"இன்னைக்குப் புது பெட்டி. கையும் கவனமும் அதுலயே இருக்கணும். நீங்க தட்டுங்க சார். நான் சொன்னாலும் தட்டணும், சொல்லாட்டியும் பாத்துத் தட்டணும்" என்றார்.

மேரியக்கா பின்னால் ஏறி இரண்டு குதிரைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டார். "தம்பி, மறந்துறாதீக. செவலை உங்க கையில இருக்கு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு வேடிக்கையாக இல்லை.

12.05. சமவெளியில் லாரி பால் ஊற்றினாற்போல ஓடியது. நான் ஒரு தட்டு தட்ட, சேகர் கியரை மாற்ற, மாறியதே தெரியவில்லை. தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஐந்தாவது கியரைப் போட்டபோது அவர் முகத்தில் முதல்தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். "இம்புட்டு நாளு இது இல்லாம ஓட்டிருக்கேனே" என்றார். பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன். குதிரைகள் அரைக்கண் மூடி நின்றன. எனக்கும் பாதி பயம் போய்விட்டது. மீதிப் பாதியை மலைக்கென்று வைத்திருந்தேன்.

12.30. சாலை பிரிந்து மலை ஏறத் தொடங்கியது. மொத்தம் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். எண்ணாமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. வளைவுக்கு முன் இரண்டு தட்டு, வளைவில் ஒரு தட்டு, தாண்டியதும் ஒரு தட்டு. ஆறாவது வளைவில் கீழே திண்டுக்கல் கோட்டைப் பாறை தெரிகிறது என்றார் சேகர். நான் கீழே பார்க்கவில்லை. என் பக்கத்துக் கதவுக்கு வெளியே இடுப்பளவுத் தடுப்புச் சுவர், சில இடங்களில் அதுவும் இல்லை. உள்ளங்கை வியர்த்து, தட்டும்போது பலகையில் ஈரம் படிந்தது.

பதினொன்றாவது வளைவு. மேலிருந்து பேருந்து இறங்கி வந்தது. வளைவில் இரண்டுக்கும் இடம் பற்றாது. சேகர் லாரியை இடது ஓரம் ஒதுக்கி நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தார். பேருந்து எங்களை உரசாத குறையாகக் கடந்தது. அதன் ஓட்டுநர் கைகாட்டினார், சேகரும் கைகாட்டினார். கைகாட்டியபடியே மற்ற கையால் கியர் கம்பியைப் பிடித்தார். மேலே தள்ளினார்.

நான் பார்த்தேன். சாக்பீஸ் படம் என் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. இது தப்பு என்று மூளைக்குத் தெரிந்தது, வாய்க்கு வரவில்லை. அவர் கைப்பிரேக்கை விட்டார்.

லாரி பின்னால் பாய்ந்தது. சரிவும் இழுத்தது, எஞ்சினும் தள்ளியது. கண்ணாடியில் மரங்கள் முன்னோக்கி ஓடின. "தட்டுங்க! ரெண்டு தட்டுங்க சார்!" என்று சேகர் கத்தினார். அதுவரை அவர் கத்தி நான் கேட்டதில்லை. என் இரண்டு கைகளும் கதவின் கைப்பிடியைப் பற்றியிருந்தன. குதிக்கத் தயாராக இருந்தேன். அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

சேகர் பிரேக்கை மிதித்தார். தட்டு இல்லாமலே மிதித்தார். பின்னால் பலகையில் பெரிய பாரம் மோதும் சத்தம். பிறகு ஒரு கனைப்பு. அப்படியொரு கனைப்பை அதற்கு முன் கேட்டதில்லை, இனியும் கேட்க வேண்டாம்.

இறங்கி ஓடினோம். பின்சக்கரத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையில் நான்கடி இருந்தது. சேகர் கட்டையைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு மேலே தாவினார். செவலை முன்னங்கால் இரண்டையும் மடக்கி, வயிறு பலகையில் பட விழுந்து கிடந்தது. கறுப்பி நடுங்கிக்கொண்டிருந்தது. மேரியக்காவின் முழங்கையில் தோல் கிழிந்து ரத்தம். அவர் அதைப் பார்க்கவில்லை. செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எந்திரி ஆத்தா, எந்திரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாவது முயற்சியில் அது எழுந்தது.

"தட்டுச் சத்தம் வரவே இல்லையே?" என்று அவர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"கியரை மாத்திப் போட்டுட்டேன்க்கா. என் தப்புதான்" என்றார் சேகர். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதில் ஒளிந்துகொள்ள எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது. கொஞ்ச நேரம் ஒளிந்துகொண்டும் இருந்தேன்.

மிச்சமிருந்த ஏழு வளைவுகளையும் நடை வேகத்தில் ஏறினோம். இந்த முறை ஒரு தட்டுகூட விடவில்லை. விரல் முட்டி வீங்கும் அளவுக்குத் தட்டினேன்.

1.50, சிறுமலை. மேரியக்காவின் வீட்டருகே பாதையோரத்து மேட்டில் லாரியை ஒட்டி நிறுத்திக் குதிரைகளை இறக்கினார்கள். அவர் டாக்டருக்குப் போன் போட்டார். ரத்தமோ நீரோ கசிகிறதா என்று பார்க்கச் சொன்னாராம். குட்டி அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னாராம்.

மலைக்காற்று, காப்பிச் செடி, மிளகுக் கொடி என்று எழுதத்தான் வந்தேன். எதையும் பார்க்கவில்லை. செவலையின் விலாவில் படிந்திருந்த அந்த ஒரு கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழிந்தும் கை நகரவில்லை. சேகர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, அவர் தட்டச் சொன்னார். நான் தட்டவில்லை. குதித்துவிடலாம் என்று கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்."

அவர் திரும்பவில்லை. "நான் குதிச்சனா?" என்றார். கொஞ்சம் கழித்து, "செத்த நேரம் தள்ளி நில்லுங்க. ஆளு பக்கத்துல இருந்தா அது மிரளுது" என்றார்.

தள்ளிப்போய் நின்றேன். 3.20க்கு அவர் கை சட்டென்று நின்ற இடத்திலிருந்து கீழே இறங்கி, அங்கேயே அழுந்தியது. "ஆண்டவரே" என்றார். சேகர் எழுந்து ஓடினார். மேரியக்கா அவர் கையை எடுத்துத் தன் கைக்குப் பக்கத்தில், குட்டி அசைந்த இடத்தில் வைத்துக் காட்டினார். சேகர் அழுதார். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாதது சரிதான் என்று எனக்கே பட்டது.

4.30. இறங்கும் பேருந்தில் ஏறினேன். லாரியில் வரச்சொல்லி சேகர் கூப்பிட்டார். எனக்குத் துணிவில்லை என்பதைவிட, அந்த இருக்கையில் மறுபடி உட்கார முகமில்லை. டிக்கெட் முப்பது ரூபாய். பல வருடங்களாக ஊர் ஊராகப் போய் எழுதுகிறேன். போன இடத்தில் நான் பார்க்கிறவன், மற்றவர்கள் வாழ்கிறவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருவர் பிழைப்பு என் கைக்குள் ஒருபோதும் வந்ததில்லை. வந்தபோது அந்தக் கைக்கு வேறு வேலை இருந்தது.

பேருந்து புறப்பட ஹாரன் அடித்தபோது மேரியக்கா பாதையில் வேகமாக வருவது தெரிந்தது. முழங்கையில் துணி சுற்றியிருந்தார். யாரையோ தேடுகிறார் என்று நினைத்தேன். சன்னல் சன்னலாகப் பார்த்து என்னிடம் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. முகத்தில் சிரிப்பு இல்லை.

"குட்டி திரும்ப ரெண்டு தடவ உதைச்சிருச்சு தம்பி" என்றார். "நீங்க அதே நெனப்புல போவீகள்ல, அதான் சொல்லிட்டுப் போக வந்தேன்."