நாலாம் பிரளயத்தில் தப்பிய மிளகு வியாபாரி

என் நண்பர் மீது எனக்குப் பொறாமை. தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம், மாத்தளையில் மாடி வீடு, இந்த வயதிலும் சீப்புக்கு வேலை கொடுக்கும் தலைமுடி, இவைதான் காரணம் என்றால் வெளியே சொல்லிக்கொள்ள ஒரு கௌரவமாவது இருக்கும். காரணம் வேறு. ஒரு கற்பனை உலகத்தில் மனிதர் சாகவே மாட்டேன் என்கிறார்.

பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் வீட்டு மாடியில் மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று புத்தகம் புத்தகமாக அச்சிட்டு விற்கும் மாய உலகத்தில் எனக்கும் நண்பருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். பகடை உருட்டி, வாயால் பேசி, அங்கே வாழ்கிறோம். இருபது வருஷமாகிறது. கதையை நடத்துவது என் மனைவி. நான் நிலாத் தெய்வத்தின் தலைமைப் பூசாரி. அந்த உலகத்தின் சரித்திரமெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் ஞானி. நண்பர் மிளகு விற்பவர். வாரமெல்லாம் போஞ்சியும் லீக்ஸும் விற்றுக் களைத்தவர் கற்பனையிலும் போய்த் தராசு பிடிக்கிறாரே என்று ஆரம்பத்தில் பரிதாபப்பட்டேன்.

அந்தக் கம்பனிக்கு ஒரு வழக்கம். சில வருஷங்களுக்கு ஒருமுறை விளையாட்டின் விதிகளை மாற்றிப் புதுப் பதிப்பு போடுவார்கள். விதி மாறியதற்குச் சாக்காக உலகத்தை ஒருதரம் அழிப்பார்கள். நம் புராணங்களில் பிரளயத்துக்கு யுகக்கணக்கில் தவணை உண்டு. இவர்களுக்கு விற்பனை மந்தமானால் போதும்.

முதல் பிரளயத்தில் என் நிலாத் தெய்வத்தைக் கொன்றார்கள். தெய்வம் போனால் பூசாரியின் மந்திரம் பலிக்காது. வெறும் மணியை ஆட்டிக்கொண்டு திரிந்தேன். இரண்டாவதில் கதை நூறு வருஷம் தாண்டிப் போயிற்று. தவ வலிமையால் நான் மிஞ்சினேன்; சீடர்கள் அத்தனை பேரும் கிழடாகிச் செத்திருந்தார்கள். நண்பரோ இருபது முகப் பகடையில் இருபதே போட்டு, மந்திரத் தூக்கத்தில் கிடங்கிலேயே நூறு வருஷம் குறட்டை விட்டு எழுந்தார். மூன்றாவதில் கடல் ஏறி என் கோயில் மூழ்கியது. அவர் கடை மேட்டில் இருந்தது.

"ஒலகம் அழிஞ்சா அழியட்டும் மச்சான். மனுசன் ரசம் குடிக்காம இருந்துருவானா?" என்றார்.

இத்தனையும் பொறுத்தேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவன் நான். பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் அரசர்கள் செத்துப் பிழைப்பதைப் பார்த்துப் பழகியவன். அதோடு, ஒவ்வொரு அழிவுக்குப் பிறகும் பழையதைத் தெரிந்தவன் என்ற என் மதிப்புக் கூடியது. அழிவு எனக்கு உள்ளூர லாபம்தான்.

நாலாவது தடவையாகப் புதுப் பதிப்பு வந்த அன்று மனைவி சொன்னாள்: "இந்தத் தடவ ஒண்ணும் அழியல. எல்லாத்தயும் முதல்ல இருந்து தொடங்குறாங்க. முன்னாடி நடந்தது எதுவுமே நடக்கல."

"நடக்கலன்னா?"

"நடக்கலன்னா நடக்கலங்க. உங்க கோயில் முங்கல. ஏன்னா கோயிலே கட்டல."

செத்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகலாம். பிறக்கவேயில்லை என்று ஆனவனுக்காக எந்த வீட்டுக்குப் போவது?

ஆனால் அவள் ஒரு சலுகை வைத்திருந்தாள். பழைய உலகத்திலிருந்து ஒரே ஒருவர் புதிய உலகத்துக்குள் வரலாம். அந்த ஆளுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கும். மற்றவர் புதிதாக ஓர் ஆளை உருவாக்க வேண்டும். ஏன் தான் வரவேண்டும் என்று இருவரும் சொல்ல வேண்டும்.

நண்பருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே நான் எழுந்து நின்று பேசினேன். தெய்வங்களின் வம்சாவளி, ஏழு போர்கள், மூழ்கிய தெருக்கள். பிளேன்டித் தேநீர் ஆறிப் பச்சைத் தண்ணீராகுமளவுக்குப் பேசினேன்.

நண்பர் சொன்னது இவ்வளவுதான்: "அந்தக் கடைய உட்டா எனக்கு வேற எடம் தெரியாது தங்கச்சி."

"முங்குன ஊரு பேரு என்னண்ணே?" என்று அவள் சோதித்தாள்.

"அது... முங்குன ஊரு."

"நிலாத் தெய்வத்தக் கொன்னது யாரு?"

"யாரோ பெரிய எடத்து ஆளு. நமக்கெதுக்கு அந்த வம்பு?"

நான் மேசைக்கடியில் கைகளைத் தேய்த்துக்கொண்டேன்.

"அண்ணே வரட்டும்" என்றாள்.

வீட்டுக்குப் போகும் த்ரீவீலில், பஸ் ஸ்டாண்ட் தாண்டியதும் கேட்டேன்: "அவனுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லயே?"

"அதான் வேணும். பாதிய மறந்துருவாரு, மீதிய மாத்திச் சொல்லுவாரு. அதுல எனக்கு எடம் இருக்கு. நீங்க வந்தா? ஒரு ஆறு ஓடுதும்பேன். ரெண்டாம் பதிப்புல அது வடக்க ஓடிச்சும்பீங்க. நான் கத சொல்றதா, உங்ககிட்ட பரீட்ச எழுதுறதா?"

சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்து அனுதாபப்பட்டான். அந்தக் கம்பனியைப் பேராசை பிடித்தவர்கள் என்று இருபது வருஷமாகத் திட்டியிருக்கிறேன். இப்போது வேறு சந்தேகம் வந்தது: அங்கேயும் கதை எழுதும் யாரோ ஒருத்திக்கு என்னைப் போல ஒரு புருஷன் வாய்த்திருப்பான்.

அடுத்த போயாவில் நான் ஒரு படகோட்டி. இளைஞன், ஒன்றும் தெரியாதவன். ஒன்றும் தெரியாதவனாக இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று என் மாணவர்கள் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. மிளகுக் கடைக்குள் நுழைந்தேன்.

"வாங்க தம்பி. ஊருக்குப் புதுசா?" என்றார், என்னைவிட ஒரு வயது இளையவர்.

"இந்த ஊர்ல கோயில் ஒண்ணும் இல்லீங்களா?"

இல்லாத தராசில் இல்லாத மிளகை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "இருந்துச்சு தம்பி. இப்ப கேட்டா எவனும் நம்ப மாட்டான். நெலாவுக்குக் கோயிலு. அதுல ஒரு பூசாரி. பெரிய ஆளு, வாய்தான் ஓயாது. கடல் ஏறுனப்ப ஊரே ஓடிச்சு. அவரு ஓடல. அலயப் பாத்து அந்த ஊருக் கதையச் சொல்லிகிட்டே நின்னாரு. கழுத்து வரைக்கும் தண்ணி. அப்பயும் சொல்லிகிட்டிருந்தாரு."

சுத்தப் பொய். கடல் வருமுன்பே மலைக்கு ஓடிவிட்ட முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மோவாயில் கை வைத்து, கண் இமைக்காமல். என் வம்சாவளிகள் எதற்கும் அந்தப் பார்வை கிடைத்ததில்லை. என் பூசாரிக்கு நான் கொடுக்கத் தெரியாத ஒரு சாவை, பெயர்கூட ஞாபகமில்லாத மனிதர் போகிறபோக்கில் கொடுத்துவிட்டார்.

"அப்புறம்?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.