துணிக்குக் கீழே என் கை

அங்கன்வாடி வாசலில் நின்று கையசைத்தேன். அந்தக் குழந்தை ஓடி வராமல் விழித்தது. அது என் மகள் இல்லை. மூன்று வயதாகும் என் மகள் அதன் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

தலைவலி அதற்கு முன்பே இருந்தது. ரவிக்கைகளுக்கு ஆரி வேலை (சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் போடும் பூவேலை) செய்கிறேன். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துத் தலைக்கு மேல் இன்னொரு பல்பு மாட்டினேன். வலி கூடியது. அதைக் கழற்றிவிட்டு இன்னும் பெரிய பல்பு வாங்கி மாட்டினேன்.

"இன்னாம்மா, கல்யாண மண்டபம் மாதிரி லைட்டு போட்டுக்கினு உக்காந்துக்கினு இருக்கற?" என்று தறியிலிருந்து எழுந்து வந்த கணவர் கேலி செய்தார். அங்கன்வாடியில் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

மறுநாள் கண் ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு ஒரே எண்ணம்தான். பார்வை போய்விட்டால், இவள் முகம் எனக்கு எந்த வயதோடு நின்றுபோகும்?

அக்காமடேட்டிவ் ஸ்பாசம் (கிட்டத்திலேயே பார்த்துப் பழகிய கண் தசை, தூரத்துக்குத் தளராமல் இறுகிக்கொள்வது) என்றார் டாக்டர். பார்வை போகாது என்பதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

"வேலை செய்யறப்போ லைட் எங்கேர்ந்து வருது?"

"மேலேர்ந்து, டாக்டர். ரெண்டு பல்பு."

"ஜரிகையில பட்டுத் திரும்பி உங்க கண்ணுலதாம்மா அடிக்குது. நீங்க பூவைப் பாக்கல, பல்பைத்தான் பாத்துட்டு இருக்கீங்க. துணிக்குக் கீழேர்ந்து மெதுவா குடுத்துப் பாருங்க."

முதலில் ஓய்வும், கண் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்தும். மருந்து விட்ட நாட்களில் எல்லாம் தலைகீழானது. மாடியிலிருந்து பார்த்தால் தூரத்துக் கோயில் கோபுரம் தெளிந்தது; மடியில் இருந்தவளின் முகம் கலங்கியது. அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிப் பார்த்தேன். விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள்.

வேலைக்குத் திரும்பியபோது கணவர் மேல் பல்புகளைக் கழற்றினார். சட்டத்துக்கு அடியில் சிறிய டியூப் லைட்டை வைத்து, அதன் மேல் பழைய வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டினார்.

"ஏங்க, கண்ணுக்கு நேரா லைட்டு. இன்னும் கெட்டுப்போச்சின்னா?"

"கூசுதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா? ஒரு பூ போடு. வலிச்சா நானே கழட்டிடறேன்."

ஜரிகை மின்னவில்லை. கறுத்த கோடாகத் தெரிந்தது. இழைகளுக்கு நடுவே ஊசி இறங்கும் இடம் தனியாகத் தெரிந்தது. கூடவே, துணிக்குக் கீழிருந்து நூல் கொடுக்கும் என் கையின் நிழலும் விழுந்தது. இத்தனை வருடம் நான் பார்க்காமலே வேலை வாங்கிய கை. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

இதே வேலை செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்: வெளிச்சத்தை மாற்றியது மட்டும் என்னைக் குணப்படுத்தவில்லை. முதலில் டாக்டரைப் பாருங்கள். வெல்வெட்டில் கீழ் வெளிச்சம் ஏறாது. அந்த வேலையை நான் இப்போது எடுப்பதில்லை. சரிதானா என்று இன்னமும் யோசிக்கிறேன்.

முன்பு பூ முடிந்தால்தான் எழுவேன். இப்போது கீழே அந்த நிழல் நடுங்கினால், களைத்துவிட்டேன் என்று புரிந்துகொண்டு, பாதிப் பூவிலேயே எழுந்து மாடிக்குப் போய், கண் தளரும்வரை கோபுரத்தைப் பார்க்கிறேன்.

அங்கன்வாடி வாசலில் இன்றும் முகங்கள் உடனே தெளிவதில்லை. ஒரு கணம் ஆகிறது. அவசரப்பட்டுக் கையசைக்காமல் காத்து நிற்கிறேன். என் கண் அவளைக் கண்டுபிடிப்பதற்குள், அவள் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வருகிறாள்.