ஆணி அடிக்காத வீடு

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வரும் உத்தியோகத்தர்களில் பாதிப் பேராவது முதல் மாதத்துக்குள் அம்பிகைபாகனைத் தேடி வந்துவிடுவார்கள். அவர் காணிப் பதிவுக் கந்தோரில் கிளாக்கர். யாருடைய காணி உறுதிப் பத்திரம் சுத்தம், எந்தக் காணியில் அண்ணன் தம்பி வழக்கு ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "வீடு வாங்கிறதோ, வாடகைக்கு இருக்கிறதோ, அண்ணை?" என்று கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்லுவார்: "இஞ்ச வாடகைக்கு இரும் தம்பி. வாங்கிறதெண்டால் ஊரில வாங்கும்." வந்தவர் தலையாட்டிவிட்டுப் போவார். அப்படி இருந்து நீங்கள் என்ன கண்டீர்கள் என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்கும் உரிமை அவருடைய மனைவி பத்மாதேவிக்கு இருந்தது. அவளும் இருபது வருடம் கேட்கவில்லை.

அவர்கள் கண்டிக்கு வந்தது எழுபதாம் ஆண்டு தை மாதம். அவருக்கு வயது முப்பத்தைந்து. மகள் கமலாசனிக்கு ஆறு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கப் புறப்பட்டார். கம்பளையில் ரயிலுக்கு வசதியாக ஒரு வீடு கிடைத்தது. ஆனால் பின்சுவரில் மகாவலி ஆற்று வெள்ளம் வந்து போன அடையாளம் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. பிலிமத்தலாவையில் கடைக்கு மேலே இரண்டு அறை. லொறி போகும்போதெல்லாம் தட்டில் அடுக்கிய கோப்பைகள் கிடுகிடுத்தன. கடைசியில் குண்டசாலையில் ஒரு சின்ன வீடு. யாழ்ப்பாணத்தார் வீடு பார்க்கப் போனால் முதலில் கிணற்றைத்தான் பார்ப்பார்கள். அம்பிகைபாகன் ஒரு வாளி அள்ளி, ஒரு கை குடித்து, "தண்ணி திறம்" என்றார். அதற்குப் பிறகுதான் படியேறினார்.

வீட்டுக்காரர் மக்கீனுக்குக் கண்டி டவுனில் புடவைக்கடை. பக்கத்து வீட்டிலேயே மனைவி ரபீகாவோடு குடியிருந்தார்.

"வாடகைக்கு என்னத்துக்கு சேர்? நீங்களே எடுத்துக்கோங்களேன். கடைக்கு எனக்கும் காசு தேவ ஈக்கி. உறுதியும் சுத்தம்" என்றார் மக்கீன்.

உறுதி சுத்தமா என்பதை அம்பிகைபாகன் மறுநாளே கந்தோரில் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். மூன்று தலைமுறைக்கு ஒரு கறை இல்லை. அப்படியிருந்தும், "வேண்டாம் முதலாளி, அஞ்சு வருசத்தில மாறிப் போயிடுவன்" என்று வாடகைக்கே எடுத்தார்.

பத்மாதேவிக்கு அந்த வீடு கண்டவுடனே பிடித்துவிட்டது. காலை வெயில் நேரே குசினி யன்னலால் விழுந்தது. அவள் வீட்டில் நாலாவது பெண். மூத்தவர்களுக்கு வீடுகள் போய்விட்டதால் அவளுக்குச் சீதனமாக வந்தது யாழ்ப்பாணத்து வசாவிளானில் நாலு பரப்பு வெறும் செம்மண் காணி. எனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை அவளுக்குக் கல்யாண நாளிலிருந்தே உள்ளே கிடந்தது.

குடிபுகுந்த முதல் வாரம் சுவாமிப் படங்களையும் கல்யாணப் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, "சுத்தியல் எங்கையப்பா?" என்று கேட்டாள்.

"வாடகை வீட்டில ஆணி அடிக்கப்படாது. வீட்டுக்காரற்ற மனம் நோகும்."

மக்கீன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதேயில்லை. உண்மையில் நொந்துவிடும் என்று பயந்தது இவருடைய மனந்தான். ஆணி அடித்தால் இங்கேயே தங்கிவிடுவோமோ என்று ஒரு பயம். அதனால் பிள்ளையாரும் முருகனும் அலுமாரி மேல் சுவரில் சாய்ந்தபடி இருந்தார்கள். அலுமாரிக் கதவை அடித்துச் சாத்தினால் பிள்ளையார் சறுக்கி விழுவார். கல்யாணப் படம் பத்மாதேவியின் உடுப்புப் பெட்டிக்குள் போனது. சாமான் கொண்டுவந்த ஆறு தேயிலைப் பெட்டிகளையும் ஸ்டோர் அறையில் அடுக்கி வைத்தார். வருடத்துக்கு ஒரு தடவை அவற்றை வெளியே எடுத்து வெயிலில் காயவிட்டுத் திரும்ப அடுக்குவார். போகப்போகிறவர் அல்லவா!

எழுபத்தேழு ஆவணியில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே மக்கீன் ஓடி வந்தார். "சேர், புள்ளயக் கூட்டிக்கிட்டு எங்கட ஊட்டுக்கு வாங்க. இப்பவே வாங்க." நாலு நாள் மக்கீன் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். சைவச் சாப்பாட்டுக்காரர் மனம் கோணக்கூடாது என்று ரபீகா கடையிலிருந்து புதுச் சட்டி வாங்கி அதில் தனியாகக் கறி காய்ச்சினாள். அந்தச் சட்டியை நினைத்தால் பத்மாதேவிக்குப் பிற்காலத்திலும் கண் கலங்கும். அவர்களுடைய ஒடுங்கிய ஒழுங்கைக்குள் அந்த முறை கலவரக்காரர் ஒருவரும் வரவில்லை.

அடங்கிய பிறகு அம்பிகைபாகன் ஒரு முடிவுக்கு வந்தார். "ஊரில கட்டுவம். அங்கதான் பத்திரம். உம்மட காணியில கட்டிக் கமலாசனிக்கு எழுதுவம்." பத்மாதேவி மறுக்கவில்லை. தன் பெயரில் இருந்த ஒரேயொரு காணியை மகளுக்கு எழுதிக் கையெழுத்து வைத்தாள். ஐந்து வருடம் கட்டினார்கள். கதவு நிலையெல்லாம் கண்டித் தேக்கில் செய்வித்து லொறியில் வடக்கே அனுப்பினார். முன்கதவுக்குப் பித்தளைப் பூட்டு. இந்த இடத்தில் அந்த மனுசனைப் பிடித்து நன்றாகக் குலுக்க வேண்டும்போல இருக்கும். வருடத்தில் பதினொரு மாதம் குண்டசாலைக் குசினியில் புகைபோக்கி அடைத்து மனைவி கண்ணைக் கசக்குகிறாள். இவர் இருபது நாள் லீவில் போய்த் தங்குகிற வீட்டுக்குத் தேக்கங்கதவு போடுகிறார். ஆனால் அந்தக் காலத்தில் அவருடைய சாதிசனம் முழுக்க அப்படித்தான் செய்தது. அவரை மட்டும் திட்டி என்ன பயன்?

எண்பத்துமூன்று ஆடியில் கலவரக்காரர் ஒழுங்கைக்குள்ளும் வந்தார்கள். கையில் தமிழர் வீடுகளின் பட்டியல் வைத்திருந்தார்கள். அம்பிகைபாகன் குடும்பம் அதற்குள் மக்கீன் வீட்டுப் பின்னறைக்குப் போய்விட்டது. மக்கீன் தன் உறுதியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாடகை வீட்டு வாசலில் போய் நின்றார். "மே மகே கெய!" என்று சிங்களத்தில் கத்தினார். இது என் வீடு, எரித்தால் என் வீட்டைத்தான் எரிக்கிறீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சத்தம் போட்டார்கள், ஒரு யன்னல் கண்ணாடியை உடைத்தார்கள், பிறகு போய்விட்டார்கள். தன் வீட்டுக்குத் திரும்பிய மக்கீன் உறுதியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"கண்டீரே? உறுதி என்ர பேரில இருந்திருந்தால் இண்டைக்குச் சாம்பல்தான்" என்றார் அம்பிகைபாகன் மனைவியிடம்.

அது உண்மை. பிறகும் ஏழு வருடம் பத்மாதேவி வீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

எண்பத்தாறில் கமலாசனிக்கு ஊர் வீட்டில் கல்யாணம் நடந்தது. இரண்டு வருடத்தில் மருமகன் அவளைக் கூட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டார். வீட்டைக் கூட்டித் துப்பரவாக்கி விளக்கேற்றும் பொறுப்பு அம்பிகைபாகனின் சித்தப்பா மகன் திருச்செல்வத்திடம் வந்தது. தொண்ணூறு சித்திரையில் அம்பிகைபாகன் ஓய்வு பெற்றார். ஆனி முடிவில் வீட்டை விடுகிறோம் என்று மக்கீனிடம் சொல்லிவிட்டார். மக்கீனும் கம்பளை வியாபாரி நஸீமுக்கு வீட்டை விற்பதாகப் பேசிவிட்டார். இருபது வருடம் வெயில் காய்ந்த தேயிலைப் பெட்டிகளுக்குக் கடைசியில் வேலை வந்தது. ஐந்தை அவரே அடுக்கிக் கட்டினார். ஆறாவதைப் பிறகு பார்ப்போம் என்று பத்மாதேவி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆனியில் வடக்கில் திரும்பவும் சண்டை தொடங்கியது. அங்கே போகும் ரயில் நின்றதால் கட்டிய பெட்டிகளோடு குண்டசாலையிலேயே இருந்தார்கள். ஆவணியில் கொழும்புக்கு வந்த ஒருவர் கையில் திருச்செல்வம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டிருந்தான். வசாவிளான் சனம் முழுக்க உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டுவிட்டதாம். தான் குடும்பத்தோடு ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறானாம். ஊர் இராணுவ எல்லைக்குள் போய்விட்டதாம். ஒருவரும் கிட்டப் போக முடியாதாம். 'அண்ணை, வீட்டை வடிவாகப் பூட்டிப்போட்டுத்தான் வந்தனான்' என்று முடித்திருந்தான். உறைக்குள் முன்கதவுப் பூட்டைத் திறக்கும் பித்தளைத் திறப்பு இருந்தது.

"வடிவாப் பூட்டினவனாம்" என்றார் அம்பிகைபாகன். சிரிப்பதுபோலத்தான் தொடங்கினார். பிறகு கட்டிய பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பத்திரமான இடம் என்று நம்பிப் போட்ட அத்தனையும் போய்விட்டது. எந்த நேரமும் போய்விடும் என்று பயந்த வீடு இன்னும் தலைக்குமேலே நின்றது. அதுவும் வேறொருவருக்குப் பேசியாகிவிட்ட வீடு. 'வாங்குவதென்றால் ஊரில் வாங்கும்' என்று தான் சொல்லி அனுப்பிய முகங்கள் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வந்தன.

பத்மாதேவி அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ. இருவது வருசம் நீங்கள் சொன்னதுக்கு நான் ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லேல்லை. என்ர காணியையும் எழுதித் தந்தன். இப்ப நான் கேக்கிறன். இந்த வீட்டை வாங்குங்கோ. என்ர பேரில வாங்குங்கோ."

"திரும்பவும் ஒரு எண்பத்திமூண்டு வந்தால்?"

"வந்து எரிஞ்சால், என்ர வீடு எரிஞ்சு போச்செண்டு சொல்லி அழுவன். இப்ப நான் எதைச் சொல்லி அழுறது?"

அம்பிகைபாகன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். இருபது வருடமாக வேண்டாம் வேண்டாம் என்றவர் தாருங்கள் என்று கேட்கப் போகிறார்.

"நஸீமுக்கு வாக்குக் குடுத்துட்டேனே சேர்" என்றார் மக்கீன். அவருக்கும் சங்கடம். அம்பிகைபாகன் தலையைக் குனிந்துகொண்டு கதிரையிலிருந்து எழும்பினார்.

உள்ளேயிருந்து ரபீகாவின் குரல் வந்தது. "நஸீமுக்குக் கம்பளயில ரெண்டு ஊடு ஈக்கி. பத்மா அக்காவுக்கு எங்க ஈக்கி? கேட்டுப் பாருங்க."

மறுநாள் காலையில் மக்கீன் கம்பளைக்குப் பஸ் ஏறினார். வியாபாரிக்கு வாக்கை மீட்பது எவ்வளவு கஷ்டம் என்பது வியாபாரிக்குத்தான் தெரியும். பொழுதுபடத் திரும்பி வந்தவர், "பேச்சு மாறினவன் என்டு பேரெடுத்துட்டு வந்தீக்கிறேன். பரவால்ல சேர், உறுதிய எழுதுங்க" என்றார்.

ஓய்வு பெற்றபோது கிடைத்த காசெல்லாம் அதில் போனது. பத்மாதேவியின் பெயருக்கு எழுதிய உறுதியைப் பதியத் தன் பழைய கந்தோருக்கே போனார் அம்பிகைபாகன். இப்போது மேசைக்கு மறுபக்கத்தில் நின்றார். தன் கதிரையில் இருந்த புதுக் கிளாக்கர் அவள் பெயரை எழுதி முடிக்கும்வரை எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வரும் வழியில் ஒரு சுத்தியலும் கால் இறாத்தல் ஆணியும் வாங்கி வந்தார். பெரிய காரியம் செய்யப்போகிறவர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தார்.

"எங்கையப்பா அடிக்கிறது? சொல்லும். முதல்ல கலியாணப் படத்தை மாட்டுவம். பெட்டிக்குள்ள இருந்து எடும்."

பத்மாதேவி ஸ்டோர் அறைக்குள் போனாள். அவரும் பின்னால் போனார். அந்த அறைக்கு யன்னல் இல்லாததால் கதவு எந்நாளும் சுவரோடு சேர்த்துத் திறந்தே கிடக்கும். அவள் அந்தக் கதவை இழுத்துச் சாத்தி விளக்கைப் போட்டாள்.

கதவுக்குப் பின்னால் சுவரில் கல்யாணப் படம் தொங்கியது. அது தொங்கிய ஆணி துருவேறிக் கறுத்திருந்தது. அதைச் சுற்றிச் சுவரும் கைபட்டுக் கறுத்திருந்தது. சட்டத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"எப்ப அடிச்சனீர்?"

"வந்த மாசமே. நீங்கள் கந்தோருக்குப் போன பிறகு அம்மிக் குழவியால அடிச்சனான்."

அவர் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். நெஞ்சு நிமிர்வெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அப்ப இருவது வருசமும் இந்த வீட்டில வாடகைக்கு இருந்தது நான் ஒருத்தன்தான்" என்றார்.

பத்மாதேவி மேசைமேல் கிடந்த பித்தளைத் திறப்பை எடுத்து வந்து அதே ஆணியில் படத்துக்கு முன்னால் மாட்டினாள். "வாங்கோ. பிள்ளையார் இன்னும் அலுமாரிக்கு மேலதான் இருக்கிறார்" என்று சொல்லி அவரை முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.